ஞாயிறு சைக்கிளும் ஷிப்டு சைக்கிளும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம். இரவு ஷிப்டு முடிந்து வந்த தோழர்கள் சிலருடன் மில் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நாமும் நின்றிருந்தோம். அப்பொழுது சாலையில் முப்பது நாற்பது சைக்கிள்கள் கும்பலாக வந்தன. பளபளக்கும் பனியன்கள், தலையில் கவசம், ஆசனத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. ஆணும் பெண்ணுமாகப் பேசிச் சிரித்தபடி கடந்து போனார்கள். ஒருவர் நம்மைப் பார்த்துக் கையை அசைத்தார். பதிலுக்கு யாரும் அசைக்கவில்லை.

ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர் சொன்னார்: "தோழர், அந்தச் சைக்கிள் ஒண்ணு என்ன வெல தெரியுங்களா? நம்ம ஆறு மாசச் சம்பளமுங்க." பக்கத்தில் நின்ற வயதானவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நாம மிதிச்சா தரித்திரம். அவங்க மிதிச்சா தேகப்பயிற்சி" என்றார். எல்லோரும் சிரித்தோம். நாமும் சிரித்தோம்.

ஆனால் அந்தச் சிரிப்போடு இந்த விஷயத்தை விட்டுவிடலாமா? விடக்கூடாது என்பது நம் அபிப்பிராயம்.

சென்னை, கோவை, பெங்களூர் போன்ற நகரங்களில் இப்படிச் சேர்ந்து சைக்கிள் விடும் குழுக்கள் பெருகியிருக்கின்றன. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர், டாக்டர், பாங்க் அதிகாரி என்று பல வகையினர் அவற்றில் இருக்கிறார்கள். கைபேசியில் சேதி அனுப்பி ஓரிடத்தில் கூடுகிறார்கள். இருபது முப்பது மைல் போகிறார்கள். வழியில் இட்லி தின்றுவிட்டு வீடு திரும்புகிறார்கள். திங்கட்கிழமை இதே மனிதர்கள் காரிலோ மோட்டார் சைக்கிளிலோதான் வேலைக்குப் போகிறார்கள். ஏன் சைக்கிளில் போகவில்லை? கேட்டுப் பாருங்கள். 'உயிருக்குப் பயம்' என்பார்கள். விடியற்காலையில், கும்பலாக, வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில் மட்டுமே இந்தச் சாலை அவர்களைச் சைக்கிளில் போக விடுகிறது.

அந்தப் பயம் நமக்கு மட்டும் இல்லையா? இருக்கிறது. ஆனால் பயந்து வீட்டில் உட்கார நமக்கு வசதி இல்லை. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள். இரண்டு கோடிக்கும் அதிகமானோர்! 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். இவர்கள் யார்? பால்காரர், இரவுக் காவலாளி, ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பழைய சைக்கிள் வாங்கி மிதிக்கும் கட்டிடத் தொழிலாளி, சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. நான்கு வழிச் சாலை ஊரை இரண்டாகப் பிளந்து போகிறது. இந்தப் பக்கம் குடிசை, அந்தப் பக்கம் வயல். குறுக்கே போக வழி வைத்திருப்பதோ ஒரு மைலுக்கு அப்பால். மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிற கூலியாள், சுற்றிப் போக நேரமில்லாமல் எதிர்த் திசையில் ஓரமாகப் போகிறான், லாரி அடிக்கிறது. 'தவறான திசையில் வந்தான்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சாலையைத் தவறாகப் போட்டது யார் என்று எழுதுவதற்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை.

சேர்ந்து சைக்கிள் விடுவது பணக்காரர் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் 1890-களில் சைக்கிள் விலை இறங்கத் தொடங்கியது. அதற்கு முன் அது கனவான்களின் பொருள். தொழிலாளி பழைய வண்டியாகவோ தவணையிலோ வாங்கக்கூடிய காலம் வந்தது. 1894-இல் பர்மிங்ஹாம் நகரில் ஆறு பேர் கூடி ஒரு சைக்கிள் கிளப் ஆரம்பித்தார்கள். டாம் குரூம் என்பவர் அதில் முன்னணி. ஆறு பேரும் சோஷலிஸ்டுகள். ராபர்ட் பிளாட்ச்போர்டு 1891 முதல் நடத்தி வந்த 'கிளாரியன்' என்ற சோஷலிஸ்டுப் பத்திரிகையின் பேரையே தங்கள் கிளப்புக்கு வைத்துக்கொண்டார்கள். மறு வருஷமே பல ஊர்க் கிளப்புகள் சேர்ந்து தேசிய ஸ்தாபனமாயிற்று.

இவர்கள் என்ன செய்தார்கள்? சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும், ஞாயிறன்றும், புகை மண்டிய ஆலை நகரங்களை விட்டுக் கூட்டமாகக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். காற்று வாங்கினார்கள், பாடினார்கள், தேநீர் அருந்தினார்கள். பையில் பத்திரிகைக் கட்டும் துண்டுப் பிரசுரமும் இருக்கும். ரயில் போகாத கிராமத்துக்கெல்லாம் சைக்கிள் போயிற்று. சைக்கிளோடு சோஷலிசப் பேச்சும் போயிற்று. கிராமத்துச் சதுக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கூட்டம் போட்டார்கள். வழியில் ஒரு கிளாரியன்காரர் இன்னொருவரைக் கண்டால் 'பூட்ஸ்!' என்று கூவுவார். எதிரே வருகிறவர் 'ஸ்பர்ஸ்!' என்று பதில் கூவ வேண்டும். நமக்கு இது பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். வாரம் முழுவதும் மேஸ்திரியின் அதட்டலையே கேட்ட காதுக்கு, நடுச்சாலையில் முன்பின் அறியாத ஒருவன் தோழமையோடு கூப்பிடுவது எப்படி இருந்திருக்கும் என்பதை மில் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

லங்காஷயரில் நெல்சன் என்று ஓர் ஊர். பருத்தி நெசவு ஊர். அங்குள்ள தொழிலாளிகள் 1912-இல் ஊருக்கு வெளியே, பெண்டில் மலைச் சாரலில் ஒரு கட்டிடம் கட்டினார்கள். நெசவாளர் சங்கம் கடன் கொடுத்தது. நடந்து வருவோரும் சைக்கிளில் வருவோரும் ஞாயிறன்று தங்கி இளைப்பாற ஒரு வீடு. கிளாரியன் வீடு என்று பெயர். தறிச் சத்தத்தில் காது அடைத்துப் போனவர்கள் அங்கே வந்து பெரிய குவளையில் தேநீர் வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகிறது. நெல்சனின் பருத்தித் தொழிலே மறைந்துவிட்டது. அந்த வீடு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கிறது, தேநீர் கொடுக்கிறது.

ஜெர்மனியில் இது இன்னும் பெரிய காரியமாக நடந்தது. 1896-இல் ஆபென்பாக் நகரில் 'சோலிடாரிட்டேட்', அதாவது ஒருமைப்பாடு என்ற பெயரில் தொழிலாளிகளின் சைக்கிள் சங்கம் தோன்றியது. தேர்தல் காலத்தில் துண்டுப் பிரசுரம் எடுத்துச் சென்றவர்கள் இவர்கள். 'வர்க்கப் போராட்டத்தின் சிவப்புக் குதிரைப்படை' என்று இவர்களுக்குப் பட்டப்பெயர். லட்சக்கணக்கில் அங்கத்தினர் சேர்ந்து, தங்களுக்கென்று சொந்தமாகச் சைக்கிள் தொழிற்சாலையே நடத்தினார்கள். 1933-இல் ஹிட்லர் வந்ததும் சங்கத்தைத் தடைசெய்து சொத்தைப் பறித்துக்கொண்டான். வெறும் உல்லாசக் கூட்டமாக இருந்திருந்தால் அவன் ஏன் பயப்படப் போகிறான்?

கிளாரியன் கதையில் ஒரு கசப்பும் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. பத்திரிகை ஆசிரியர் பிளாட்ச்போர்டு போயர் யுத்தத்தையும் 1914 யுத்தத்தையும் ஆதரித்தார். பத்திரிகையின் செல்வாக்குச் சரிந்து 1931-இல் நின்றது. கிளப் மட்டும் நிலைத்தது. அதன் அங்கத்தினர் சிலர் சர்வதேசப் படையில் சேர்ந்து ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்த்துப் போரிடவும் சென்றார்கள். பிறகு வரவர அது சைக்கிள் கிளப்பாகவே ஆயிற்று. 2021-இல் தங்கள் விதிகளிலிருந்து சோஷலிசம் என்ற சொல்லையே நீக்கிவிட்டார்கள். ஒப்பாத சிலர் பிரிந்து போனார்கள். சைக்கிள் மிச்சம், சேதி போயிற்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1992 செப்டம்பரில், அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில், வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் விடும் நேரத்தில் சுமார் ஐம்பது பேர் சைக்கிளுடன் கூடி ஒன்றாக வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மாதத்தின் கடைசி வெள்ளிதோறும் கூடுவதென்று ஆயிற்று. ஐம்பது நூறாகி, நூறு ஆயிரங்களாகியது. 'கிரிட்டிகல் மாஸ்' என்று பெயர். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது. போகிற வழியை யாரோ காகிதத்தில் எழுதிப் பிரதி எடுத்து வருவார்கள். பிடித்தால் அந்த வழி. பெயர் வந்த விதம் சுவையானது. சீனத்தில் சிக்னல் இல்லாத சந்தியில் ஒரு சைக்கிள்காரர் தனியாகக் கடக்க முடியாது. இன்னொருவர் வருவார், பத்துப் பேர் சேர்வார்கள், போதுமான கூட்டம் சேர்ந்ததும் எல்லோரும் ஒன்றாக நகர, மோட்டார்கள் தாமாக நிற்கும். இதைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அமெரிக்கர் விவரித்ததை ஓர் ஆவணப்படத்தில் கேட்டு இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது நமக்கு ஒரு ஞாபகம் வந்தது. கோவையில் நம் தந்தையர் காலத்தில் சங்கு ஊதி ஷிப்டு விட்டதும் மில் கேட்டிலிருந்து வெள்ளம்போல் சைக்கிள்கள் புறப்படும். ஹேண்டில்பாரில் தூக்குச் சட்டி ஆடும். அவினாசி ரோட்டில் முதலாளியின் கார் அந்த வெள்ளம் வடியும் வரை ஓரமாக நிற்கும். அதற்கு யாரும் இங்கிலீஷில் பேர் வைக்கவில்லை. அன்றைக்கு விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடும். ஆனால் அதெல்லாம் தனியாகப் போகிறவனிடம்தான். ஷிப்டு கூட்டத்தில் கை வைத்த போலீஸ்காரரை நாம் கேள்விப்பட்டதில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் கை வைத்தார்கள். 1997 ஜூலையில் மேயர் வில்லி பிரவுன் இந்த ஊர்வலத்தை அடக்கப் பார்த்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள், ஊர்வலம் நிற்கவில்லை. நியூயார்க்கில் 2004 ஆகஸ்டில், குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு முன்பு நடந்த சைக்கிள் ஊர்வலத்தில் இருநூற்றைம்பது பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். மோட்டார்கள் தினந்தோறும் நகரையே அடைத்து நிற்கின்றன. அதற்கு ஒருவரும் கைதாவதில்லை.

ஆயினும் இவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நாம் சொல்லமாட்டோம். பக்கச் சாலைகளை மறித்து நின்று கூட்டத்தை முழுதாகப் போகவிடுவது அவர்கள் வழக்கம். காரை மறிப்பது ஒன்று. வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் ஐம்பது பேர் நிற்கும் பஸ்ஸை மறிப்பது வேறு. பஸ் டிரைவரும் தொழிலாளி, உள்ளே இருப்போரும் தொழிலாளிகள். தலைவர் இல்லாத கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதை ஒரு பெருமையாகச் சிலர் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை.

கூட்டத்தைக் கண்டால் அதிகாரிகளுக்கு ஏற்படும் நடுக்கம் முதலாளித்துவ நாடுகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2024 ஜூன் மாதம் சீனத்தில் செங்செள நகர மாணவிகள் நால்வர், சூப் வைத்த கொழுக்கட்டை தின்பதற்காக இரவில் வாடகைச் சைக்கிளில் முப்பது மைல் தள்ளியுள்ள கைபெங் நகருக்குப் போனார்கள். சேதி பரவிற்று. உள்ளூர் அதிகாரிகளும் முதலில் வாருங்கள் என்று உற்சாகப்படுத்தினார்கள். நவம்பர் 8-ஆம் தேதி இரவு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் பெருஞ்சாலையை நிறைத்துக்கொண்டு புறப்பட்டதாகச் செய்தி. உடனே சைக்கிள் பாதை மூடப்பட்டது. கம்பெனிகள் நகர எல்லை தாண்டினால் சைக்கிள் பூட்டிக்கொள்ளும்படி செய்தன. நெரிசலில் யாருக்கேனும் ஆபத்து வரலாம் என்பது உண்மைதான். ஆனால் பாதையை அகலப்படுத்தி, ஒழுங்குசெய்து, இரவு முழுதும் டீக்கடைகளைத் திறந்து வைப்பதும் ஒரு வழிதானே? புரட்சி கண்ட நாட்டில் அந்த யோசனை முதலில் வந்திருக்க வேண்டும் என்பது நம் ஆசை.

கூட்டம் கோரிக்கையாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஹாலந்து உதாரணம். 1971-இல் அந்தச் சிறு தேசத்தில் சாலை விபத்தில் மாண்டவர் சுமார் 3,300 பேர். நானூறுக்கு மேல் குழந்தைகள். பெற்றோர் பொங்கி எழுந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதே இயக்கத்தின் பெயர். தெருவை அடைத்தார்கள், பிள்ளைகளுடன் சைக்கிள் ஊர்வலம் விட்டார்கள். 1973-இல் பெட்ரோல் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக்கூடாது என்று சர்க்காரே உத்தரவிட்டது. வெறிச்சோடிய பெருஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிள் விட்டு, இந்தச் சாலை நம்முடையதாகவும் இருக்க முடியும் என்று கண்ணால் கண்டார்கள். வருஷக்கணக்கில் வாதாடித் தனிப் பாதை வாங்கினார்கள். இன்று அங்கே மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். மந்திரி தானாக மனமிரங்கிக் கொடுத்ததல்ல.

இங்கே என்ன நிலை? கல்கத்தாவைப் பார்ப்போம். 2008-இல் அந்த நகரப் போலீசார் 38 சாலைகளில் சைக்கிள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். அப்போது அங்கே ஆட்சியில் இருந்தது இடதுசாரி முன்னணி. நம் சர்க்கார்! ஆலைத் தொழிலாளியின் ஓட்டில் வந்த சர்க்கார் இருக்கும்போதே, ஆலைத் தொழிலாளியின் வாகனத்துக்குத் தடை. இதற்கு நாம் என்ன சமாதானம் சொன்னாலும் அது எடுபடாது. போக்குவரத்து தடையின்றிப் போக வேண்டும் என்றார்கள். சைக்கிளில் போவது போக்குவரத்து இல்லையா? ஆட்சி மாறியது, புத்தி மாறவில்லை. 2013-இல் தடை 174 சாலைகளுக்கு நீண்டது. பால்காரரும் பேப்பர் போடுபவரும் அபராதம் கட்டினார்கள். அப்போது நகரத்தில் சைக்கிள் ஊர்வலங்கள் நடந்தன. கிளம்பியவர்களில் படித்த இளைஞர் பலர், நாம் டீக்கடையில் பார்த்த மாதிரியானவர்கள். பால்காரருக்காகவும் அவர்கள் வாதாடினார்கள். 2020-இல் கொள்ளை நோய் வந்து ரயிலும் பஸ்ஸும் நின்றபோதுதான் சர்க்காருக்குச் சைக்கிளின் அருமை தெரிந்து சில சாலைகளில் தடையைத் தளர்த்தியது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. தெரிந்ததுதான் என்றாலும் திரும்பச் சொல்லத் தகும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்கப் பாங்குக் கடன் கிடைக்க வழி செய்தார். விவசாயக் கூலிப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் உட்பட லட்சம் பேருக்கு மேல் கற்றார்கள். கூட்டம் கூட்டமாக வீதியில் சைக்கிள் விட்டார்கள். பரிகாசம் செய்தவர்கள் இருந்தார்கள். தனியாகப் போன பெண்ணை வாயடைக்க வைத்திருப்பார்கள், ஆயிரம் பெண்களை என்ன செய்ய முடியும்? லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கியவர்கள் உண்டு. அதில் குறுக்குக் கம்பி இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கூட்டமாகப் போனது முதலில் தைரியத்துக்கு. பிறகு தண்ணீர்க் குடம், சந்தைச் சாமான், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவள் தனியாகவே போனாள்.

இப்போது டீக்கடைக்குத் திரும்புவோம். அந்தப் பளபளப்புப் பனியன்காரர்களிடம் நமக்குச் சண்டை என்ன? அவர்கள் சைக்கிள் விலை அதிகம் என்பது ஒரு குற்றமல்ல. ஞாயிறு காலை வெறும் சாலையே போதும் என்று அவர்கள் திருப்தியடைந்துவிடுகிறார்களே, அதுதான் குறை. அவர்கள் கேட்டால் கலெக்டர் ஆபீசில் நாற்காலி போடுவார்கள். பத்திரிகையில் படம் வரும். நாம் மனுக் கொடுத்தால் ரசீதுகூட வருவதில்லை. நம்மிடம் இருப்பதோ எண்ணிக்கை. பைபாஸ் ரோட்டில் ஊருக்கு ஊர் கடக்கும் வழி, சர்வீஸ் ரோட்டில் விளக்கு, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் லாரிக்குத் தடை என்று மூன்றே கோரிக்கையோடு, ஒரு வேலை நாளில், ஷிப்டு விடும் நேரத்தில் அவர்கள் மில் கேட்டுக்கு வரட்டும். நம் ஆட்களும் சேர்ந்து முனிசிபல் ஆபீஸ் வரை போகலாம். பஸ்ஸுக்கு வழி விட்டு, ஓரமாக, ஒழுங்காக.

அவர்கள் வருவார்களா? சிலர் வரமாட்டார்கள். நம் ஆட்களிலும், மொபெட் வாங்கிவிட்டதால் இது தனக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளை எதில் பள்ளிக்கூடம் போகிறது என்று கேட்க வேண்டும்.

வருகிற ஞாயிறன்று அதே இடத்தில் நிற்பதென்றும், அந்தக் கூட்டத்தைக் கைகாட்டி நிறுத்திப் பார்ப்பதென்றும் தோழர்களுடன் பேசி முடிவு செய்திருக்கிறோம். டீச்செலவு சங்கத்தினுடையது. பேச்சை எதில் தொடங்கலாம் என்று அந்த ஸ்பின்னிங் தோழரைக் கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தச் சைக்கிள்ல ஏன் கேரியரே இல்லைன்னு கேட்டுத் தொடங்கலாமுங்க" என்றார்.